எருக்குவியலின் வெம்மை

குப்பையைக் குவித்தால் தானே எருவாகும் என்பர். வீட்டு எருக்குழிக்கு அது பொருந்தலாம். டன் கணக்கில் எருவாக்கும்போது வெப்பத்தை ஆளவும் அறிதல் வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் சரளை கலந்த செம்மண் நிலங்கள் பல. நம்மாழ்வார் தோழர்களுடன் தொடங்கிய 'குடும்பம்' அமைப்பு, இம்மாவட்டத்தின் ஒடுகம்பட்டியில் கொழுஞ்சிப் பண்ணையை உருவாக்கியது. இத்தகைய மண்ணுக்கு மட்கே உயிர்.

சாணமும் தழையும் வைக்கோலும் கலந்த குவியலில் நுண்ணுயிரிகள் பெருகுகையில் வெப்பம் பிறக்கிறது. அது 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சில நாள்கள் நீடித்தால், களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழியும். 70 பாகையைக் கடந்தால் நன்மை செய்யும் நுண்ணுயிரிகளும் மடியும். தழைச்சத்து அம்மோனியாவாக வெளியேறும்.

ஆகவே, நீண்ட வெப்பமானியை நடுவில் செருகி நாள்தோறும் அளக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் கிளறி நீர் தெளிக்கலாம். குவியலின் உயரத்தையும் குறைக்கலாம். குறைந்தால் ஈரமா, காற்றா, சாணமா எது குறை என ஆராய வேண்டும். கிளறும்போது ஓரத்துப் பொருளை நடுவுக்குக் கொணர்தல் இன்றியமையாதது. இல்லையெனில் ஓரத்து விதைகள் பிழைத்துவிடும்.

கிளறிய பின்னும் சூடேறாத குவியலே முதிர்ச்சியை நெருங்கியது. முதிராத எரு பயிரின் வேரைக் கருக்கும். உழவரின் ஒரு பருவ உழைப்பே வீணாகும்.

சிந்தனை வினா: மழைக்காலத்தில் எருக்குவியலின் வெப்பம் தணிவது ஏன்?