தாய்ப்பால் போதாதபோது: குழந்தையின் பசியும் பால்குடி உறவும்

 

சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்ததும் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். அவருக்கு முதல் குழந்தை. எட்டாம் மாதத்திலேயே பிறந்து இன்குபேட்டரில் இருக்கிறது. தாய்க்குப் பால் சரியாக ஊறவில்லை.

"தாய்ப்பால் வங்கியிலிருந்து வாங்கிக் கொடுக்கலாமான்னு டாக்டர் கேக்குறாங்க ஹள்ரத். அது ஹராமாயிடுமா? வீட்டுல எங்க உம்மா, 'நான் அஞ்சு பிள்ளைக்குக் கொடுத்தேன், இவளுக்கு ஒண்ணுக்குக்கூடப் பால் இல்லையா'ன்னு சொல்றாங்க. அவ அழுதுகிட்டே இருக்கா" என்றார்.

ஒன்று மார்க்கச் சட்டம் பற்றிய கேள்வி. இன்னொன்று ஒரு பெண்ணின் கண்ணீர். அல் பகரா அத்தியாயத்தின் 233-வது வசனம் இரண்டுக்குமே பதில் சொல்கிறது.

தாயை வருத்தாதீர்கள்

பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று அந்த வசனம் கூறுகிறது. நாம் இதோடு நிறுத்திவிடுகிறோம். வசனம் அங்கே நிற்கவில்லை. தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது தந்தையின் கடமை என்கிறது. சக்திக்கு மீறி யாரையும் சிரமப்படுத்தக் கூடாது என்கிறது. குழந்தையைக் காரணம் காட்டித் தாய்க்குத் துன்பம் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

சகோதரர்களே! பால் ஊறாதது அந்தப் பெண்ணின் குற்றமா? பிரசவமான முதல் நாட்களில் சீம்பால் சில துளிகள்தான் வரும். பச்சிளம் குழந்தையின் வயிறும் மிகச் சிறியது. இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள்தான் பொதுவாகப் பால் பெருகும். அறுவை சிகிச்சை, குறைப்பிரசவம், அதிக இரத்தப்போக்கு ஆகியவற்றால் இது இன்னும் தாமதமாகலாம். குழந்தை சரியாக வாய் வைத்துக் கவ்வாவிட்டாலும் பால் குறையும். பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும். அதனால்தான் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை ஊட்டச் சொல்கிறார்கள். குழந்தையால் குடிக்க முடியாவிட்டால் கையாலோ பம்ப் வைத்தோ எடுக்கச் சொல்கிறார்கள்.

இந்த நேரத்தில் அவளுக்குத் தேவை தூக்கம், உணவு, ஓர் ஆறுதலான வார்த்தை. அருமை மாமியார்களே! உங்கள் ஒரு சொல் அவளுக்கு மருந்தாகவும் ஆகலாம், காயமாகவும் ஆகலாம்.

குர்ஆன் திறந்து வைத்த வாசல்

அதே வசனம், வேறொரு பெண்ணைக் கொண்டு பாலூட்ட விரும்பினாலும் குற்றமில்லை, அவளுக்குரியதை முறையாகக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. அத்தலாக் அத்தியாயத்தின் 6-வது வசனமும், தாய் தந்தைக்குள் சிரமம் ஏற்பட்டால் வேறொரு பெண் பாலூட்டலாம் என்கிறது.

நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்களுக்கே ஸுவைபா அவர்களும் ஹலீமா ஸஃதிய்யா அவர்களும் பாலூட்டினார்கள். ஆமினா அம்மையார் குறைந்த தாய் என்று நம்மில் யாராவது சொல்வோமா? பிறர் பால் கொடுப்பது நம் மார்க்கத்தில் வெட்கத்திற்குரிய செயல் அல்ல.

அந்த வாசலில் ஒரு நிபந்தனை

ஆனால் பால் வெறும் உணவல்ல, அது உறவு. பாலூட்டிய தாயும் பால்குடிச் சகோதரியும் மணமுடிக்கத் தடை செய்யப்பட்டவர்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 23-வது வசனம் கூறுகிறது. பிறப்பால் விலக்கப்படும் உறவுகள் பால்குடியாலும் விலக்கப்படும் என்று நபியவர்கள் சொன்னார்கள். ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை மணமுடிக்கச் சொன்னபோது, அவர் என் பால்குடிச் சகோதரரின் மகள் என்று மறுத்துவிட்டார்கள்.

புகாரியில் பதிவான ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். உக்பா இப்னுல் ஹாரிஸ் (ரலி) மக்காவில் ஒரு பெண்ணை மணந்தார்கள். அதன்பின் ஒரு பெண்மணி வந்து, உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கிறேன் என்றார். நீங்கள் இதுவரை என்னிடம் சொல்லவே இல்லையே என்று உக்பா திகைத்தார்கள். வாகனம் ஏறி மதீனா சென்று நபியவர்களிடம் கேட்டார்கள். இப்படிச் சொல்லப்பட்ட பின் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று நபியவர்கள் கேட்டார்கள். அவர்கள் பிரிந்துவிட்டார்கள்.

சொல்லப்படாத ஒரு செய்தியால் ஒரு குடும்பமே பிரிந்தது. ஆகவே பிறர் பால் கொடுப்பது தவறல்ல, யாருடைய பால் என்பதை மறந்துவிடுவதுதான் ஆபத்து.

எவ்வளவு குடித்தால் உறவு?

ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் இரண்டு வயதுக்குள் ஐந்து தனித்தனித் தடவைகள் குடித்தால் உறவு ஏற்படும். ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளில் சிறிதளவு குடித்தாலே போதும். பாட்டிலில் கொடுத்தாலும் அதே சட்டம்தான் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து.

குடித்த குழந்தை அந்தப் பெண்ணுக்கும் அவள் கணவருக்கும் பால்குடிப் பிள்ளையாகிவிடும். அவளுடைய எல்லாப் பிள்ளைகளும் அதற்குச் சகோதர சகோதரிகள். ஆனால் குடித்த குழந்தையின் கூடப்பிறந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வாரிசுரிமையும் இதனால் வராது.

தாய்ப்பால் வங்கி

1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் நம் நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. இன்று தமிழகத்திலும் இத்தகைய வங்கிகள் உள்ளன. பால் தரும் தாயின் இரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கி, உறைய வைக்கிறார்கள். எடை குறைந்த குழந்தைகளின் குடலைத் தாக்கும் கொடிய நோயிலிருந்து இது பெருமளவு காக்கிறது. சிக்கல் என்னவென்றால், பல தாய்மாரின் பாலை ஒன்றாகக் கலப்பதும் உண்டு. யாருடைய பால் என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை.

அதனால்தான் 1985-ல் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இத்தகைய வங்கிகள் கூடாது என்று தீர்மானித்தது. யூசுஃப் அல்கர்ளாவி போன்றோர் கூடும் என்றனர். 2024-ல் கராச்சியில் நிபந்தனைகளுடன் தொடங்கிய ஒரு வங்கி, தாருல் உலூம் கராச்சியின் திருத்தப்பட்ட ஃபத்வா வந்ததும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆக, இது அறிஞர்கள் இன்றும் ஆய்வு செய்யும் விஷயம்.

நாம் செய்ய வேண்டியவை

முதலில், தாயின் பாலையே எடுத்துக் கொடுக்க முயலுங்கள். சில துளியானாலும் அது அருமருந்து.

போதவில்லையா? பாலூட்டும் ஒரு பெண் குடும்பத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். இரத்தப் பரிசோதனை செய்யாமல், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வங்கிதான் வழி என்றால், ஒரே தாயின் பால் கிடைக்குமா, அவர் விவரம் தருவார்களா என்று கேளுங்கள். கூடவே உங்கள் மத்ஹப் அறிந்த ஆலிமிடம் உடனே கேளுங்கள். உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொன்னால், உயிரைக் காப்பது மார்க்கத்தின் அடிப்படை நோக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மருத்துவர் சொன்னால் பால் பவுடர் கொடுப்பதிலும் குற்றமில்லை. அதனால் எந்த உறவும் ஏற்படாது.

கடைசியாக, எழுதி வையுங்கள். பாலூட்டியவர் பெயர், கணவர் பெயர், பிள்ளைகளின் பெயர், தேதி, எத்தனை தடவை என எல்லாவற்றையும் எழுதி இரு குடும்பமும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு விவரம் தெரியும் வயதில் சொல்லுங்கள். நம் ஜமாஅத் அலுவலகத்திலும் இதற்காக ஒரு பதிவேடு இருந்தால் நல்லது.

அந்த இளைஞரின் மாமி மகள் நான்கு மாதக் குழந்தைக்குத் தாய். பரிசோதனை முடிந்து மருத்துவர்கள் அனுமதித்ததும் அவரே பால் கொடுத்தார். மூன்றாவது வாரம் பெற்ற தாய்க்கும் பால் ஊறியது, அல்ஹம்துலில்லாஹ். இன்று அந்தக் குழந்தைக்கு இரண்டு தாய்மார். இருவர் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன. "என் பேரனுக்கு இன்னொரு உம்மா" என்று அந்த மாமியாரே இப்போது பெருமையாகச் சொல்கிறார்.

வல்ல ரஹ்மான் நம் தாய்மாருக்கு ஆரோக்கியத்தையும், நம் குழந்தைகளுக்கு நிறைவான உணவையும், நம் நாவுகளுக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.