சுழலும் விண்மீன் ஏன் நிலைகுலைகிறது?

நமக்கு அருகிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் ஆராயும் பொருள்களுள் நியூட்ரான் விண்மீன்களும் உண்டு. எடை சூரியனை விட அதிகம். குறுக்களவோ சுமார் 20 கி.மீ. திருப்பதியிலிருந்து திருமலைக்குப் பேருந்து ஏறும் பாதையின் நீளம் ஏறத்தாழ அவ்வளவுதான்!

இவற்றுள் சில விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழல்கின்றன. அவ்வேகத்தில் விண்மீன் பூசணிக்காய் போல நடுவில் பருக்கும். அதன் மேல் ஓர் அதிர்வு எழுந்தால் என்ன ஆகும்? கோயில் மணியின் அதிர்வு, ஒலியாக வெளியேறி அடங்கிவிடுகிறது. விண்மீனின் அதிர்வும் ஈர்ப்பலைகளாக வெளியேறி அடங்க வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பர்.

1970இல் சுப்பிரமணியன் சந்திரசேகர் இதற்கு நேர்மாறான விடையைக் கண்டார். (லாகூரில் பிறந்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தவர்.) வேகமாகச் சுழலும் விண்மீனில் ஈர்ப்பலைகளே அதிர்வை வளர்த்துவிடக்கூடும் என்றார் அவர்.

எப்படி? திருப்பதிக்கு ஓடும் சப்தகிரி எக்ஸ்பிரஸில் ஒருவர் பின்பெட்டியை நோக்கி நடக்கிறார். நடைமேடையில் நிற்பவருக்கு அவரும் திருப்பதி நோக்கியே போகிறார். அதுபோல, சுழற்சிக்கு எதிர்த்திசையில் ஓடும் அலையை விண்மீன் முன்னோக்கி இழுத்துச் செல்கிறது. ஆகவே வெளியேறும் ஈர்ப்பலை, சுழற்சித் திசையிலான கோண உந்தத்தைக் கொண்டு போகிறது. ஆனால் அந்த அதிர்வின் கணக்கில் இருப்பதோ எதிர்க்குறி, அதாவது கடன். கடன்பட்டவனிடமிருந்து மேலும் எடுத்தால் கடன் ஏறத்தானே செய்யும்? அதிர்வு பெருக்கிறது, சுழற்சி குறைகிறது.

1978இல் ஃப்ரீட்மனும் ஷுட்ஸும், பாகுத்தன்மை அறவே இல்லாத எந்தச் சுழலும் விண்மீனுக்கும் இந்த ஆபத்து உண்டு எனக் காட்டினர். அப்படியானால் வானில் இவை எப்படிச் சுழன்றுகொண்டிருக்கின்றன? உள்ளிருக்கும் பொருளின் பாகுத்தன்மை பல அதிர்வுகளை அமுக்கிவிடுகிறது. தேனைக் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்தால் சுழல் உடனே நிற்பதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம்.

2006இல் அறிவிக்கப்பட்ட ஒரு விண்மீன் விநாடிக்கு 716 முறை சுழல்கிறது. சிதறாமல் 1000 முறைக்கு மேலும் சுழல முடியும் என்கின்றன பல கணக்குகள். அவ்வேகத்தை எட்டவிடாமல் தடுப்பது சந்திரசேகர் கண்ட விளைவா, காந்தப்புலமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.