கொழுப்புக் கல்லீரல்: ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு

கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக ஸ்கேன் அறிக்கை தெரிவித்தவுடன், "இவர் மது அருந்துவதே இல்லையே" என்று குடும்பத்தார் எம்மிடம் வியந்து கேட்பதுண்டு. நோயாளி பெண்ணாயின் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. மது அருந்தாதவருக்கும் இந்நோய் வரும். தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றிச் சேமிப்பதும், இன்சுலின் சரிவரச் செயல்படாமையுமே இதற்கு அடிப்படை. அதனாலேயே, 2023இல் இந்நோய்க்குச் சூட்டப்பட்ட புதிய பெயரில் 'மது சாராத' என்பது நீங்கி, 'வளர்சிதை மாற்றக் கோளாறு' என்பது இடம்பெற்றது.

சென்னை ஆய்வு கூறுவது

டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் 541 பேரைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 32 விழுக்காட்டினருக்குக் கொழுப்புக் கல்லீரல் காணப்பட்டது. ஆண்களில் இது 35.1 விழுக்காடு, பெண்களில் 29.1 விழுக்காடு. இவ்விடைவெளி தற்செயலாகவும் நேரக்கூடிய அளவே. நீரிழிவு உள்ளவர்களிலோ 54.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. ஆகவே இதனை ஆண்களின் நோய் என்று ஒதுக்குவதற்கு இடமில்லை.

வயது செய்யும் மாற்றம்

ஆண்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றின் உட்பகுதியில் சேர்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை, ஈஸ்ட்ரோஜன் சுரப்பின் துணையால், இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் சேர்கிறது. இக்கொழுப்பு கல்லீரலுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. மாதவிடாய் நின்றபின் அப்பாதுகாப்பு குறைந்து, வயிற்றுக் கொழுப்பு கூடுகிறது. ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கல்லீரல் தழும்பு விரைந்து முற்றக்கூடும். அது சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்கத்தில் முடியவும் கூடும். சினைப்பை நீர்க்கட்டி உடையோருக்கும், கர்ப்பகாலத்தில் நீரிழிவு வந்தோருக்கும் இளவயதிலேயே இந்நோய்க்கான வாய்ப்பு மிகுதி.

கருப்பட்டியும் சர்க்கரையே

பனைத்தொழில் செழித்த வேம்பார்ப் பகுதியில் கருப்பட்டிக் காப்பி அன்றாடப் பழக்கம். வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத தாதுக்கள் கருப்பட்டியில் சிறிதளவு உண்டு. எனினும் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ். குடலில் அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. ஃபிரக்டோஸின் பெரும்பங்கைக் கையாள்வது கல்லீரலே, மிகுந்தால் கொழுப்பாக்கிவிடுகிறது. "கருப்பட்டிதானே" என்று நீரிழிவு நோயாளிகள் அளவின்றிச் சேர்ப்பது தவறு. பதநீருக்கும் இது பொருந்தும்.

நம் கடலோர உணவில் நன்மையும் உண்டு. சாளை போன்ற மீன்களைப் பொரிக்காமல் குழம்பாக உண்பது நல்லது. தட்டில் பாதி காய்கறியும், கால்பங்கு மீன் அல்லது பருப்பும், கால்பங்கு சோறும் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

• இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அளவைத் தாண்டலாகாது. மெலிந்த தோற்றம் உடையோருக்கும் இந்நோய் வரலாம்.

• எஸ்.ஜி.பி.டி. அளவு இயல்பாக இருப்பதாலேயே கல்லீரல் நலமாக உள்ளதென்று கொள்ளலாகாது. பெண்களுக்கு அதன் இயல்பு வரம்பு ஆண்களைவிடக் குறைவு.

• உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் கொழுப்புக் குறையத் தொடங்கும். 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சியும் தணியும். 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோ குறைப்பது பெரும்பயன் தரும்.

• கல்லீரலில் கொழுப்புள்ளோர் மதுவை அறவே விடுதல் வேண்டும். கடலிலும் உப்பளத்திலும் செய்யும் கடின உழைப்பு மதுவின் தீங்கை ஈடுசெய்யாது.

தொடக்க நிலையில் இந்நோய்க்கு வலியோ அறிகுறியோ பெரும்பாலும் இருப்பதில்லை. அந்நிலையிலேயே இதனை மாற்றவும் இயலும். கணவரின் பரிசோதனைக்குத் துணையாக வரும் தாய்மார்கள் பலர் தம் உடலைப் பரிசோதித்துக்கொள்வதில்லை. நீரிழிவோ பருமனோ உள்ள, மாதவிடாய் நின்ற தாய்மார்கள் அடுத்த வருகையின்போது தம் கல்லீரலையும் பரிசோதித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதனை நினைவூட்டி அழைத்து வருவது குடும்பத்தாரின் கடமை.