மிதித்தால் அமுங்கும் டெக்: காரணமும் பழுது நீக்கும் முறையும்



எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வரை வந்த முதல் ஆள் நான். அப்பா பைபர் படகு பழுது பார்க்கும் கூலித் தொழிலாளி. 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' வகுப்பில் 'ஐ' பீம் நடத்தியபோதுதான், இந்தக் கணக்கு அப்பாவின் தொழிலுக்குள்ளும் இருக்கிறது என்று புரிந்தது. அதற்கு நல்ல உதாரணம், பழைய பைபர் பாய்மரப் படகுகளின் டெக்.

டெக்கின் உள்ளே என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் 1959-ல் வெளிவந்த 'பியர்சன் டிரைட்டன்', கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்த 28 அடிப் படகு. அந்தக் காலத்துப் படகுகள் பல இன்றும் கடலில் ஓடுகின்றன. அவற்றில் பலவற்றின் டெக் முழுக்க பைபர் அல்ல. மேலே ஒரு பைபர் தோல், கீழே ஒரு பைபர் தோல், நடுவே பால்சா மரம் அல்லது பிளைவுட்.

ஏன் இப்படி? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மி.மீ. அகலத்துக்கு, 6 மி.மீ. கனமுள்ள பைபர் தகட்டின் மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா 18. அதே பைபரை 3 மி.மீ. தோல்கள் இரண்டாக்கி, நடுவில் 12 மி.மீ. பால்சா வைத்து ஒட்டினால் 342. அதாவது 19 மடங்கு! மரத்தின் பலத்தை இதில் சேர்க்கவே இல்லை. தோல்களைத் தள்ளி நிறுத்தி, ஒன்றாக வளைய வைப்பதுதான் அதன் வேலை.

மரம் மக்கி, தோல்கள் தனித்தனியே வளைந்தால் மிஞ்சுவது வெறும் 4.5. 76-ல் ஒரு பங்கு! மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், மிதித்தால் அமுங்கும். இரவில், காற்றில், பாயை இறக்க முன்பக்கம் ஓடுகிறவரின் உயிர் அந்தத் தளத்தை நம்பித்தான் இருக்கிறது.

நம்ப முடியலையா? இரண்டு அட்டைகளுக்கு நடுவே தெர்மகோல் வைத்து பெவிகாலில் ஒட்டுங்க. இன்னொரு ஜோடியை ஒட்டாமல் அடுக்குங்க. இரண்டையும் செங்கல் மேல் பாலம் மாதிரி வைத்து விரலால் அழுத்திப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

தண்ணீர் எப்படிப் போகிறது?

குற்றம் பால்சாவின் மேல் இல்லை. கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கொக்கி என்று எதைப் பொருத்தினாலும் டெக்கைத் துளைத்து போல்ட் போடுகிறார்கள். சில வருடங்களில் சீலன்ட் காய்ந்து வெடிக்கிறது. துளை வழியே தண்ணீர் மரத்துக்குள் இறங்குகிறது. வெளியே வர வழியில்லை. "ஓட்டை இருக்கிற இடம் வேற, மக்குன இடம் வேற. தண்ணி வந்த வழியைப் புடி" என்பார் அப்பா.

பழுது பார்க்கும் முறை

1. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் டெக் முழுவதும் தட்டுங்க. நல்ல இடம் 'டங்' என்று கேட்கும், கெட்ட இடம் 'தொப்' என்று கேட்கும். சாக்பீஸால் எல்லை வரையுங்க. சந்தேகமான இடத்தில் சிறு துளை போட்டால், வருகிற தூள் காய்ந்ததா, கறுத்து நனைந்ததா என்று தெரிந்துவிடும்.

2. மேல் தோலை மட்டும் வெட்டும்படி ரம்பத்தின் ஆழத்தை வைத்து அறுத்து, தோலை முழுசாக எடுத்து வையுங்க. கீழிருந்தும் வெட்டலாம், ஆனால் ரெசின் முகத்தில் சொட்டும்.

3. மக்கிய மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காய விடுங்க. அவசரப்பட்டால் ஈரத்தை உள்ளேயே வைத்து மூடியதாகும்.

4. கீழ்த் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புது பால்சாவை எபாக்சியில் பதித்து பாரம் ஏற்றுங்க. பழைய பைபரில் எபாக்சி, பாலியெஸ்டரைவிட நன்றாகப் பிடிக்கும்.

5. எடுத்து வைத்த மேல் தோலை அதே மாதிரி எபாக்சியில் ஒட்டுங்க. பிறகு வெட்டிய கோட்டின் இருபுறமும் 12-க்கு 1 சரிவில் கிரைண்டரால் தேயுங்க. 3 மி.மீ. தோலுக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டுங்க. இந்த அகலம்தான் இணைப்பின் பலம். கடைசியில் பெயிண்ட் கட்டாயம், வெயில் எபாக்சியைக் கெடுக்கும்.

6. 8 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 14 மி.மீ. துளை போட்டு, கெட்டியான எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் 8 மி.மீ. துளையுங்க. இனி சீலன்ட் போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

எந்த வேலையிலும் முகமூடி, கண்ணாடி, கையுறை அவசியம். பைபர் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

குறுக்கு வழி வேண்டாம்

மேலே துளை போட்டு எபாக்சியை ஊற்றி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. மரம் காய்ந்திருந்து, தோல் மட்டும் பிரிந்திருந்தால் பலன் தரும். நனைந்து மக்கிய மரத்தில் எபாக்சி பிடிக்காது. துளையும் பெயிண்டில் மறைந்துவிடும், வாங்குகிறவருக்குத் தெரியாது.

தோழர்களே, நாளை நாம் சூப்பர்வைசர்களாகப் போவோம். 'மேலே பூசிவிடு, போதும்' என்று நமக்கும் சொல்வார்கள். ஒழுகும் தளமானாலும், துருப்பிடித்த பஸ் பாடியானாலும் மிதிக்கப் போகிறவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தவன் மறைக்கக் கூடாது. அதுதான் நம் டிப்ளமோவுக்கு மதிப்பு.