தொழில் விபத்து: எண்ணிக்கையும் இழப்பும்

வாலாஜாபாத் வட்டாரத்தில் பல வீடுகளில் தறியும் உண்டு. பயிர் நிலமும் உண்டு. ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ ஆலை வேலைக்குச் செல்லும் மகனோ மகளோ உண்டு. ஆகவே ஆலை விபத்து நமக்கு அயலார் செய்தி அன்று. 2010-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் இயந்திரத்தில் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திரார்.

விபத்தை எவ்வாறு கணக்கிடுகிறார்கள்? பத்து லட்சம் வேலை மணிக்கு எத்தனை விபத்து என்பது ஒரு கணக்கு. எத்தனை வேலை நாள் வீணாயிற்று என்பது மற்றொரு கணக்கு. 500 பேர் ஆண்டுக்கு 2,400 மணி உழைத்தால் மொத்தம் 12 லட்சம் மணியாகும். அங்கு ஆறு விபத்து நேர்ந்தால் முதற் கணக்கு 5. அவற்றால் 120 நாள் வீணானால் இரண்டாவது 100. ஓர் உயிர் போனாலோ 6,000 நாள் இழப்பாகக் கொள்வது இந்தியத் தர நிர்ணய முறை. ஆதலின் எண்ணிக்கை குறைவு என்பதனாலேயே ஆலை பாதுகாப்பானது என்று கருதலாகாது.

இனி, இழப்பை யார் தாங்குகிறார்கள்? 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறந்து, 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டம் நம் கூட்டுறவுத் தத்துவத்தையே ஒத்தது. 2019 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, மாதம் ரூ. 15,000 பெறுபவர் ரூ. 112.50 செலுத்த, முதலாளி ரூ. 487.50 செலுத்துகிறார். பலர் இட்ட சிறு தொகை ஒருவரின் பெருந்துயரைத் தாங்குகிறது. காயமுற்று வேலைக்குச் செல்ல இயலாத நாட்களில் சராசரிக் கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு கிடைக்கும். அதாவது நாளொன்றுக்கு ரூ. 450. விபத்துக்கு முன் இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

ஆயினும், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சட்ட அட்டவணை அதனை நூற்றுக்கு 14 பங்கு உழைப்பிழப்பு என மதிக்கிறது. அந்த ரூ. 450-இல் அது நாளொன்றுக்கு ரூ. 63, ஆயுள் முழுவதும் கிடைக்கும். ஆனால் அறுந்த இழையை முடியும் நெசவாளிக்கு அவ்விரலின் மதிப்பு என்ன என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. மருத்துவமனைக்குத் துணை சென்றவரின் தறி நின்ற நாட்களோ எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆகவே, பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பும் குடும்பத்தார் கருத வேண்டுவன நான்கு. வேலையிற் சேர்ந்த அன்றே இன்ஷூரன்ஸ் எண்ணைக் கேட்டுப் பெறுக. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அவ்வுரிமை உண்டு. காயம் சிறிதாயினும் விபத்துப் புத்தகத்தில் பதியச் செய்க. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதென நிறுவப்பட்டால், 2010 முதல் இத்திட்டத்தில் அடங்கும் என்பதை நினைவிற் கொள்க. உற்பத்தி விரைவுக்காக இயந்திரத்தின் காப்பு மூடியைக் கழற்றச் சொன்னால் இசையாதிருக்கச் சொல்லுக.

உதவித்தொகை வேண்டியதே, அது வேண்டாதபடி காத்தல் அதனினும் வேண்டியது.