ஆக்கிவைத்த பக்கம்

நுழையும்முன்

ஒரே கேள்வியை ஆயிரம் பேர் கேட்டால், ஆயிரம் முறையும் முதலிலிருந்து விடை தேட வேண்டுமா? ஒருமுறை கண்ட விடையை எடுத்துவைத்து அனைவருக்கும் கொடுத்தால் போதாதா? கொடுக்கலாம் எனில், அவ்விடை எவ்வளவு நேரம் செல்லும்? யாருக்கெல்லாம் செல்லும்? நாள்தோறும் பயன்படுத்தும் வலைப்பக்கங்களின் விரைவும் நம்பகமும் இவ்வினாக்களைச் சார்ந்தே உள்ளன.

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையில் மாணவர் ஒருவர் தம் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் இட்டுப் பொத்தானை அழுத்துகிறார். திரையில் விரியும் மதிப்பெண் பக்கம் முன்னரே எழுதி வைக்கப்பட்டதன்று. கோரிக்கை வந்து சேர்ந்த பிறகே சேவையகத்தில் உள்ள நிரல், தரவுத்தளத்தைக் கேட்டு அம்மாணவரின் மதிப்பெண்களைப் பெறுகிறது. அவற்றை வார்ப்புரு ஒன்றில் இட்டு நிரப்பிப் பக்கமாக்கி அனுப்புகிறது. இவ்வாறு கேட்ட பின் ஆக்கப்படும் பக்கத்தை இயங்குநிலைப் பக்கம் என்பர். 1989ஆம் ஆண்டு செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முன்மொழிந்த வைய விரிவு வலையின் தொடக்கக் காலப் பக்கங்கள் பெரும்பாலும் கோப்புகளாகவே இருந்தன. கேட்டவர்க்கெல்லாம் ஒரே கோப்பு சென்றது. இன்றோ செய்தித்தளம், பயணச்சீட்டு முன்பதிவு, அங்காடி எனப் பெரும்பாலானவை இயங்குநிலைப் பக்கங்களே.

ஆக்குவதற்கு நேரமும் உழைப்பும் வேண்டும். ஒரு பக்கத்தை ஆக்கச் சேவையகத்துக்கு அரை நொடி ஆகிறது எனவும், நொடிக்கு 1,000 பேர் அப்பக்கத்தையே கேட்கின்றனர் எனவும் கொள்க. ஒவ்வொரு நொடியிலும் 500 நொடிகளுக்கான வேலை வந்து குவியும். எவ்வளவு திறன் வாய்ந்த கணினியும் திணறிவிடும். ஆக்கிய பக்கத்தைப் பத்து நொடிகள் மட்டும் நினைவகத்தில் எடுத்துவைத்தால் நிலைமை தலைகீழாகிறது. அப்பத்து நொடிகளில் வரும் 10,000 கோரிக்கைகளுக்கும் ஒருமுறை ஆக்கினால் போதும். மற்ற 9,999 பேருக்கு எடுத்துக் கொடுப்பதே வேலை. இவ்வாறு எடுத்துவைக்கும் இடமே பதுக்கு நினைவகம். வழக்கில் கேஷ் எனப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஒளித்து வைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல் கேஷ். வட அமெரிக்கக் காடுகளில் விலங்குகளின் தோலுக்காக வேட்டையாடித் திரிந்தோர், திரும்பி வரும் வழிக்கு வேண்டிய உணவைக் குழிகளில் மறைத்து வைத்தனர். அம்மறைவிடத்தின் பெயர் பிற்காலத்தில் கணினிக்கு வந்தது. விரைவான சிறு நினைவகம் ஒன்றை முதன்மை நினைவகத்துக்கு முன்னே நிறுத்தும் கருத்தை 1965இல் மாரிஸ் வில்க்ஸ் தம் கட்டுரையில் விளக்கினார். 1968இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம் 360 மாடல் 85 கணினியில் அது வணிக வடிவம் பெற்றது. தமிழில் பதுக்கல் என்றவுடன் அரிசி மூட்டைகளை மறைத்து விலையேற்றும் செயலே நினைவுக்கு வரும். இங்கோ, பலருக்கும் விரைந்து கொடுப்பதற்காகவே பதுக்கப்படுகிறது.

மேகக்கணிமைக்கு மாறிய செயலிகளில் இம்முறை மேலும் இன்றியமையாததாகிறது. 2006இல் அமேசான் நிறுவனம் தன் கணினிகளின் திறனை மணிக்கணக்கில் வாடகைக்கு அளிக்கத் தொடங்கியது. 2008இல் கூகுள் ஆப் எஞ்சின் வந்தது. சொந்தக் கணினியை அலுவலகத்து மூலையில் வைத்திருந்தவர், கூட்டம் மிகும்போது பத்துக் கணினிகளையும் குறையும்போது இரண்டையும் வாடகைக்கு எடுக்கும் நிலைக்கு வந்தார். பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் என்பதால், தேவையின்றி ஆக்கப்படும் ஒவ்வொரு பக்கமும் செலவுக் கணக்கில் ஏறும்.

ஆனால், இதில் ஒரு சிக்கல் உண்டு. பத்துக் கணினிகளும் தத்தம் நினைவகத்தில் தனித்தனியே பக்கங்களை எடுத்துவைத்தால், ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. கூட்டம் குறைந்து எட்டுக் கணினிகள் விடுவிக்கப்பட்டால், அவற்றில் இருந்தவை யாவும் அழிந்துபோம். ஒரே பக்கத்தை இருமுறை திறக்கும் ஒருவர், முதன்முறை புதிய செய்தியையும் மறுமுறை பழைய செய்தியையும் காண நேரிடும். ஆகவே, எல்லாக் கணினிகளும் அணுகக்கூடிய பொது நினைவகம் ஒன்று தேவைப்பட்டது. லைவ்ஜர்னல் தளத்துக்காகப் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003இல் உருவாக்கிய மெம்கேஷ்டு இத்தகையது. 2009இல் சால்வதோரே சன்ஃபிலிப்போ உருவாக்கிய ரெடிஸ் இன்று பரவலாக வழங்குகிறது. இவற்றுக்கு முன்னே, பயனருக்கு அருகிலுள்ள நகரங்களில் நிறுவப்பட்ட விளிம்புச் சேவையகங்களும் பயனரின் உலாவியும்கூடப் பக்கங்களை எடுத்துவைக்கின்றன.

எடுத்துவைப்பது எளிது. எப்போது தூக்கி எறிவது என்பதே கடினம். அதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. கெடு குறிப்பது முதல்வழி: பத்து நொடி, ஒரு மணி நேரம் எனக் குறித்துவிட்டால் அக்காலம் கடந்ததும் பக்கம் செல்லாததாகிவிடும். மூலத்தரவு மாறியவுடன் பதுக்கிய படியை நீக்குவது இரண்டாம் வழி. மறுகூட்டலில் ஒரு மாணவரின் மதிப்பெண் மாறினால், அவருடைய பக்கத்தை மட்டும் நீக்கினால் போதும். ஆயினும், தரவை மாற்றும் எல்லா நிரல்களும் நீக்குவதை மறவாதிருக்க வேண்டும். ஒன்று மறந்தாலும் பழைய மதிப்பெண்ணே நிலைத்து நிற்கும். மூன்றாவது, கேட்டுத் தெளிவது. “என்னிடம் உள்ள படி இன்னும் செல்லுமா?” என உலாவி வினவ, “மாறவில்லை” எனப் பொருள்படும் 304 என்ற எண்ணைச் சேவையகம் விடையாகத் தரும். முழுப்பக்கமும் மீண்டும் பயணம் செய்ய வேண்டுவதில்லை.

கெடு முடிந்த நொடியிலும் ஓர் இடர் காத்திருக்கிறது. 2009 சூன் 25 அன்று பாப்பிசைக் கலைஞர் மைக்கேல் ஜாக்சன் மறைந்த செய்தி பரவியதும், உலகெங்குமிருந்து மக்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய கட்டுரையைத் திறந்தனர். விக்கிப்பீடியா ஆக்கிவைத்த பக்கங்களைக் கொண்டே தன் வாசகர்களில் பெரும்பாலோருக்கு விடையளிக்கும் தளம். அன்றோ, தன்னார்வலர்கள் அக்கட்டுரையை இடையறாது திருத்திக்கொண்டிருந்தனர். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதுக்கிய படி நீக்கப்பட்டது. நீங்கிய அக்கணமே வந்து குவிந்த கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும், படி இல்லை எனக் கண்ட சேவையகங்கள் தனித்தனியே அப்பக்கத்தை ஆக்கத் தொடங்கின. மேற்கோள்கள் மிகுந்த நீண்ட கட்டுரை அது. ஆக்கி முடிப்பதற்கும் நேரம் பிடித்தது. ஒரே வேலையை எண்ணற்ற சேவையகங்கள் ஒருசேரச் செய்து தளமே தடுமாறியது.

இதன் பின்னர் விக்கிமீடியாப் பொறியாளர்கள் பூல்கவுண்டர் என்னும் ஏற்பாட்டைச் செய்தனர். ஒரு பக்கத்தை ஆக்கும் பணியில் ஒன்று ஈடுபட்டிருந்தால், அதே பக்கத்தை நாடி வரும் பிற கோரிக்கைகள் காத்திருக்கும். நெரிசல் மிகுந்தால் அவற்றுக்குப் பழைய படியே காட்டப்படும். சற்றே பழைய கட்டுரை, கட்டுரையே கிடைக்காமற் போவதைவிட மேலானது என்ற முடிவு அதில் அடங்கியுள்ளது. கலைக்களஞ்சியத்துக்கு இம்முடிவு பொருந்தும். தொடர்வண்டியில் எஞ்சியிருக்கும் இருக்கைகளின் எண்ணிக்கைக்குப் பொருந்துமா என்பது வேறு வினா.

எவ்வளவு நேரம் என்பதைவிட யாருக்கு என்ற கேள்வியே கூர்மையானது. பதுக்கப்படும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. தேர்வு முடிவுப் பக்கத்தின் குறியில் பதிவெண்ணும் பிறந்த தேதியும் இடம்பெறாமல், ‘முடிவுப் பக்கம்’ என்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்? முதலில் பார்த்த மாணவரின் மதிப்பெண்களே அடுத்து வரும் அனைவருக்கும் தெரியும். உணவகத்தில் சாம்பார் எல்லாருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து வருகிறது. தோசையோ கேட்டவருக்கு ஏற்பத் தனித்தனியே வார்க்கப்படுகிறது. பக்கத்தையும் அவ்வாறே பிரிக்கலாம். தலைப்பு, பட்டியல், படங்கள் போன்ற பொதுப்பகுதிகளை எடுத்துவைத்து, பெயர், முகவரி, கணக்கு விவரம் போன்றவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்குவதே தக்கது. தனிப்பட்ட பக்கத்தை இடையிலுள்ள எந்தச் சேவையகமும் சேமிக்கலாகாது என அறிவிக்கும் குறிப்பும் வலை நெறிமுறையில் உண்டு.

இவ்வெல்லை மீறப்பட்டதை 2015 திசம்பர் 25 காட்டியது. வால்வு நிறுவனத்தின் ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டு அங்காடியில் அன்று விழாக்கால விற்பனை. அங்காடியை முடக்கும் நோக்குடன் பொய்க் கோரிக்கைகள் பெருமளவில் ஏவப்பட்டன. வழக்கமான விற்பனைக் காலத்தைவிட வரத்து 2,000 விழுக்காடு உயர்ந்ததாக நிறுவனம் பின்னர்த் தெரிவித்தது. சுமையைக் குறைப்பதற்காக, பதுக்கும் பணியைக் கவனித்த கூட்டாளி நிறுவனம் விதிகளை அவசரமாக மாற்றியது. இரண்டாம் முறை மாற்றிய விதிகளில் பிழை நேர்ந்தது. உள்நுழைந்த பயனர்களின் சொந்தப் பக்கங்களும் பொதுப்பக்கங்களைப் போலப் பதுக்கப்பட்டன. ஒருவர் தம் கணக்கைத் திறக்க, முன்பின் அறியாத வேறொருவரின் கணக்கு விரிந்தது. சிலருடைய முகவரியும் மின்னஞ்சலும், வாங்கிய பொருள்களின் பட்டியலும், கடன் அட்டை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் பிறர் கண்ணில் பட்டன. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 34,000 பேரின் பக்கங்கள் இவ்வாறு வெளிப்பட்டிருக்கலாம் என நிறுவனம் அறிவித்தது. கணினிக்குள் எவரும் திருட்டுத்தனமாக நுழைந்து எடுத்த தகவல்கள் அல்ல இவை. சேவையகங்களே மனமுவந்து நீட்டியவை.

பிழை தெரிந்ததும் அங்காடி மூடப்பட்டது. விதிகள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டு, விளிம்புச் சேவையகங்களில் தேங்கியிருந்த படிகள் முழுவதும் நீக்கப்பட்ட பின்னரே கடை மீண்டும் திறந்தது.

கற்பவை கற்றபின்…

உங்கள் பள்ளிக்கு ஒரு வலைத்தளம் அமைப்பதாகக் கொள்க. கால அட்டவணை, அன்றைய அறிவிப்பு, மாணவர் வருகைப் பதிவு, நூலகத்தில் இருக்கும் நூல்களின் பட்டியல் ஆகியவற்றுள் எவற்றை எடுத்துவைக்கலாம், எவ்வளவு நேரம் வைக்கலாம், எவற்றை வைக்கவே கூடாது எனக் காரணங்களுடன் வகுப்பில் கலந்துரையாடுக.

கேஷ் என்பதற்குப் பதுக்கு நினைவகம் என்ற சொல் பொருத்தமானதா? வேறு தமிழ்ச்சொல் ஒன்றைப் பரிந்துரைத்து, அதற்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுதுக.