மாறாத ஒற்றைத் தலையிடி: வைத்தியரிடம் போக முதல் செய்யவேண்டியவை



"தலையிடி தானே, ஒரு பனடோல் போட்டால் சரிவரும்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் தலையிடி திரும்பத் திரும்ப வந்து, சத்தியும் வந்து, வெளிச்சத்தைப் பார்க்கேலாமல் படுக்க வைத்தால், அது மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலையிடியாக இருக்கலாம். இது மூளையும் நரம்புகளும் சம்பந்தப்பட்ட ஒரு நோய். வழக்கு யோசனை, நித்திரைக் குறைவு, நேரத்துக்குச் சாப்பிடாமல் விடுவது எல்லாம் இதைக் கூட்டும். ஆனால் இது மனப்பலவீனமும் இல்லை, நடிப்பும் இல்லை. வைத்தியம் உண்டு.

"டொக்டர் ஸ்கான் கூட எடுக்கவில்லை" என்று பலர் கவலைப்படுகிறார்கள். மைக்ரேனைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ கிடையாது. வேறு நோய் என்ற சந்தேகம் வந்தால்தான் ஸ்கான் எடுப்பார்கள். மற்றபடி நீங்கள் சொல்வதை வைத்தே வைத்தியர் முடிவெடுக்கிறார். எனவே ஆயத்தமாகப் போங்கோ.

1. நோவைச் சொல்லுங்கள்

"சரியான நோ" என்றால் போதாது. 1975 இல் இதே மொன்றியலில், மக்கில் பல்கலைக்கழகத்தின் றொனால்ட் மெல்சாக் நோவை விபரிக்கும் 78 சொற்களைத் தொகுத்து ஒரு கேள்விக்கொத்து வெளியிட்டார். எந்த மாதிரி நோ என்பதும் வைத்தியத்துக்கு உதவும் என்பதே அதன் கருத்து. உங்கள் நோ விண் விண் என்று தெறிக்கிறதா, குத்துகிறதா, இறுக்குகிறதா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? நடந்தால் கூடுகிறதா? வர முதல் கண்ணில் மின்னல் கோடுகள் தெரிகிறதா?

2. கொப்பியில் குறியுங்கள்

ஒரு மாதத்துக்கு எழுதுங்கோ: திகதி, எத்தனை மணித்தியாலம், சத்தி, சாப்பாடு, நித்திரை, மாதவிடாய், எடுத்த குளிசை. மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் தலையிடி, அதில் 8 நாளாவது மைக்ரேன் மாதிரி, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் அது நாட்பட்ட மைக்ரேன்.

3. குளிசையை எண்ணுங்கள்

இங்கே ரைலனோல் என்று விற்பது எங்கள் பனடோல்தான். இரண்டையும் சேர்த்துப் போடவேண்டாம். மாதத்தில் 15 நாளோ கூடவோ பனடோல், அட்வில் எடுப்பதும், 10 நாளோ கூடவோ கோடீன் கலந்த குளிசை எடுப்பதும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் அந்த மருந்தே தலையிடியைக் கொண்டுவரும். இதை மறைக்காமல் சொல்லுங்கோ.

4. மருந்து இரண்டு வகை

வந்த நோவை நிற்பாட்டுவது ஒன்று. சுமாட்றிப்ரான் இந்த வகை. தொடக்கத்திலேயே எடுத்தால் நன்றாக வேலை செய்யும். இருதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆகாது. இதையும் மாதத்தில் 10 நாளுக்குக் குறைவாகவே எடுக்கவேண்டும்.

வராமல் தடுப்பது மற்றது. புறோப்பிறனலோல் (ஆஸ்துமா உள்ளவர்கள் முதலே சொல்லவேண்டும்), அமிற்றிப்ரிலின், ரொப்பிறமேற் (கர்ப்பிணிகளுக்கு ஆகாது) போன்றவை. இவற்றை நாளாந்தம் எடுக்கவேண்டும். சரியான அளவில் இரண்டு மாதமாவது எடுத்தால்தான் பலன் தெரியும். "ஒரு கிழமை போட்டன், சரிவரேல்லை" என்று விட்டுவிடாதேங்கோ. ஒன்று சரிவராவிட்டால் இன்னொன்று உண்டு. 2018 இல் கனடாவில் அனுமதிக்கப்பட்ட எரெனுமாப் மாதம் ஒருமுறை போடும் ஊசி. விலை கூடியது, முன் அனுமதி தேவையா என்று கேளுங்கோ.

5. எங்கே போவது?

அகதிக் கோரிக்கையாளரின் வைத்தியச் செலவை இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம் ஏற்கிறது. எல்லாக் கிளினிக்கும் இதை எடுப்பதில்லை. முதலில் போன் பண்ணி "பே-எஃப்-எஸ்-ஈ எடுப்பீர்களா?" என்று கேளுங்கோ. இத்திட்டத்தின் பிரெஞ்சுச் சுருக்கப் பெயர் அதுதான். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் மருந்துச் செலவில் நோயாளியும் ஒரு பங்கு கட்டும் முறை அறிவிக்கப்பட்டது. அதனால் பாமசியில் எவ்வளவு கட்டவேண்டும் என்று முதலே விசாரியுங்கோ. கோட்-டே-நேஜில் உள்ள பிரைடா கோரிக்கையாளர்களுக்கான சேவை. 811 ஐ அழைத்தால் இரவு பகலாகத் தாதியுடன் பேசலாம். நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கோ. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம்.

6. தலையில் அடிபட்டிருந்தால்

தடுப்புக்காவலிலோ போரிலோ தலையில் அடி விழுந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது வைத்தியத்தை மாற்றும். "வருத்தம் என்று தெரிந்தால் கேஸ் பாதிக்கும்" என்று பயப்படவேண்டாம். அகதியாக ஏற்கப்பட்டவரை வைத்தியச் செலவு கூடும் என்ற காரணத்துக்காக மறுக்க முடியாது. குடிவரவுச் சட்டமே அதற்கு விலக்குத் தருகிறது. விசாரணை நாளில் தலையிடி வந்தால் திகதிகள் மறக்கலாம், பதில் தடுமாறலாம். ஆகவே வைத்தியரின் கடிதத்தை முதலே வழக்கறிஞரிடம் கொடுங்கள். இடைவேளை போன்ற வசதிகளை அவர் சபையிடம் கேட்கலாம்.

உடனே 911

திடீரென்று ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு வரும் கடும் நோ, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் பலமில்லாமல் போதல், பேச்சுக் குழறல், அடிபட்ட பின் தலையிடியுடன் மயக்கம். இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கவேண்டாம். கர்ப்பிணிகளும் 50 வயதுக்குப் பிறகு முதன்முதலாகத் தலையிடி தொடங்கியவர்களும் தாமதியாமல் வைத்தியரைக் காணவேண்டும்.

இன்றைக்கே ஒரு கொப்பியை எடுத்து முதல் நாளைக் குறியுங்கோ. போன் பண்ணப் பாஷை தடையாக இருந்தால் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். உங்களோடு இருந்து நாங்கள் பேசுவோம்.